சுத்தியலும் சொல்லும்



தச்சர் கையில் சுத்தியல். கொல்லர் உலைக்களத்தில் சம்மட்டி. உளியைத் தட்ட மரக் கொட்டாப்புளி. தொழிலுக்கேற்பப் பெயரும் எடையும் மாறுகின்றன. வீரர் யூதாவுக்கு வழங்கிய 'மக்கபே' என்னும் சிறப்புப் பெயர், சுத்தியலைக் குறிக்கும் அரமேயச் சொல்லினின்று வந்ததென்பர் அறிஞர் பலர். இறைவாக்கினர் எரேமியாவோ இறைவார்த்தையையே பாறையை நொறுக்கும் சம்மட்டிக்கு ஒப்பிடுகிறார் (23:29).

இவ்வுவமையைக் கைக்கொண்டு, நாமும் ஒருமுறை மறையுரையில் குடிப்பழக்கமுள்ளோரை ஓங்கி அடித்தோம். பாறை உடையவில்லை; ஒருவர் கோயிலுக்கு வருவதையே நிறுத்திவிட்டார். பின்னர் அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, அவர் சொன்னதை யெல்லாம் பேசாது கேட்டோம். அவர் அன்றே குடியை விட்டாரல்லர். ஆயினும் அடுத்த ஞாயிறு பூசைக்கு வந்தார்.

நம் செவிக்குள்ளும் ஒரு சுத்தி உண்டு. செவிப்பறையை ஒட்டிய சிற்றெலும்புக்குச் 'சுத்தி எலும்பு' என்றே பெயர். அது எவரையும் உடைப்பதில்லை, கேட்கவே உதவுகிறது. பிள்ளைகளைத் திருத்த விழையும் பெற்றோரே, நாவின் சம்மட்டியை ஓங்குமுன் செவியின் சுத்திக்கு வேலை கொடுங்கள். இறைவார்த்தையென்னும் சம்மட்டி முதலில் நம் நெஞ்சப் பாறைமீதே விழட்டும்.