பல்கலைக்கழகப் பொதுக்கல்வியில் தமிழ்வழி வாசிப்புக்கு இடம் கோரும் மனு

பெறுநர்: உயர்கல்விப் பிரிவு, கல்வி அமைச்சு, சிங்கப்பூர்
நகல்: தன்னாட்சிப் பல்கலைக்கழகங்களின் பொதுக்கல்விப் பாடத்திட்டக் குழுக்கள்
அனுப்புநர்: செயலவை, தமிழ்ப் பெற்றோர் சங்கம், பாசிர் ரிஸ்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

பாசிர் ரிஸ் வட்டாரத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் பிள்ளைகளை அனுப்பும் தமிழ்ப் பெற்றோர் சார்பில் இம்மனுவை அளிக்கிறோம். பொதுக்கல்விப் பாடங்களைக் குறைக்கும்படி நாங்கள் கேட்கவில்லை. பொறியியல் படிக்கும் பிள்ளை வரலாற்றை அறிவதும், வரலாறு படிக்கும் பிள்ளை தரவைக் கையாளக் கற்பதும் நல்லதென்றே நம்புகிறோம். அந்தக் கல்விக்குள் எங்கள் பிள்ளைகள் கற்ற தமிழுக்கும் வேலை இருக்க வேண்டும் என்பதே வேண்டுகோள்.

சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகம் 2021ஆம் கல்வியாண்டு முதல் பொதுக்கல்வியை ஆறு தூண்களாக அமைத்துள்ளது. பண்பாடு, திறனாய்வு, தரவு அறிவு, மின்னிலக்க அறிவு, சிங்கப்பூர் ஆய்வியல், சமூக ஈடுபாடு ஆகியவை அவை. தூணுக்கு 4 அலகுகள் வீதம் 24 அலகுகள்; நான்காண்டுப் பட்டத்துக்குரிய 160 அலகுகளில் இது 15 விழுக்காடு. 4 அலகுப் பாடத்துக்கு வாரம் 10 மணி நேர உழைப்பு என்றால், 13 வாரத்தில் 130 மணி நேரம். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் அதே ஆண்டில் எல்லா மாணவருக்கும் பொதுவான பல்துறைப் பாடத்திட்டத்தைத் தொடங்கியது.

தொடக்கப்பள்ளி முதல் தொடக்கக்கல்லூரி வரை பத்தாண்டுக்கு மேல் எங்கள் பிள்ளைகள் தமிழ் படிக்கிறார்கள். பல்கலைக்கழகச் சேர்க்கையிலும் தாய்மொழிக்கான குறைந்தபட்சத் தகுதி கேட்கப்படுகிறது. வாசலில் கேட்கப்படும் மொழி உள்ளே போனதும் பலருக்குப் பயன்படாமலே போகிறது. உயர்தமிழில் நல்ல தேர்ச்சி பெற்ற பிள்ளை, இரண்டாம் ஆண்டுக்குள் தமிழில் ஒரு பக்கம் எழுதத் தயங்குவதை வீட்டில் பார்க்கிறோம். சொல்லவே வருத்தமாக இருக்கிறது. வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5 விழுக்காடு. இந்நிலையில் பதினெட்டு வயதோடு வாசிப்பு நின்றுவிட்டால், மீட்பது கடினம்.

வாசிக்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். 1887இல் இங்கு வெளிவரத் தொடங்கிய 'சிங்கை நேசன்' இதழ் இருக்கிறது. 1935இல் தொடங்கிய 'தமிழ் முரசு' நாளிதழ் இருக்கிறது. ஒரு துறைமுக நகரம் குடியரசானதைத் தமிழர் கண்ணால் பார்த்த பதிவு அது. சுதந்திரத்துக்குப் பின் 50 ஆண்டுகளில் இங்கு வெளியான தமிழ் இலக்கிய நூல்களை 2015இல் தமிழ் மின்மரபுடைமைத் திட்டம் மின்னிலக்க வடிவாக்கித் தேசிய நூலக வாரியத்தில் சேர்த்தது. தொண்டூழியர்கள் தேடித்தேடிச் சேர்த்த நூல்கள் அவை. மின்னிலக்க அறிவு என்ற தூணுக்கும் நம்மூர்ச் சான்று உண்டு. தேசியக் கல்விக் கழகத்தில் பணியாற்றிய எழுத்தாளர் நா. கோவிந்தசாமி, இணையம் பரவத் தொடங்கிய 1990களிலேயே அதில் தமிழ் எழுத்துகளைத் தோன்றச் செய்ய உழைத்தார். 1997இல் தமிழிணைய மாநாடு சிங்கப்பூரில்தான் கூடியது. இது தெரியாமலே நம் மாணவர்கள் நிரலாக்கம் கற்றுப் பட்டம் பெறுவது எங்களுக்கு ஏற்கமுடியாததாக இருக்கிறது.

பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் கேட்பது இங்கு புதிதன்று. 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறை அமையவிருந்தபோது, அதில் தமிழ் இடம்பெற வேண்டுமெனத் 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி இயக்கம் நடத்தினார். அதற்காகத் திரட்டப்பட்ட 'தமிழ் எங்கள் உயிர்' நிதிக்கு எளிய தொழிலாளர்களும் தங்களால் இயன்றதைக் கொடுத்தார்கள். 1956இல் சிங்கப்பூர் வளாகத்தில் தொடங்கிய அத்துறை பின்னர் கோலாலம்பூருக்குச் சென்றது.

எனவே நாங்கள் கேட்பவை இவை. சிங்கப்பூர் ஆய்வியல் தூணில், இங்கு எழுதப்பட்ட தமிழ் மூலங்களைத் தமிழிலேயே வாசித்து விவாதிக்கும் 4 அலகுப் பாடம் ஒன்று வேண்டும். தொடக்கநிலை மொழிப்பாடம் எங்கள் நோக்கமன்று. அதை ஏற்கெனவே தமிழ் கற்ற பிள்ளை எடுக்க முடியாது. இப்பாடம் விருப்பப்பாடமாக ஓரத்தில் நிற்காமல், பொதுக்கல்விக் கணக்கில் முழுமையாகச் சேர வேண்டும். மற்ற இனத்து மாணவர்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்புடன் இணைவகுப்பு நடத்தலாம். ஒரு பல்கலைக்கழகத்தில் மாணவர் எண்ணிக்கை போதாவிட்டால், தமிழ் மொழி இலக்கியத்தில் பட்டப்படிப்பு நடத்தும் சிங்கப்பூர்ச் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்துடன் அலகுப் பரிமாற்றம் செய்யலாம். "ஆள் சேராது" என்ற ஒரே காரணத்துக்காக இதைக் கைவிட வேண்டாம்.

சமூக ஈடுபாட்டுத் தூணில் தமிழில் பணியாற்றவும் வழி வேண்டும். தமிழ் மட்டுமே பேசும் முதியோர் எங்கள் புளோக்குகளில் இருக்கிறார்கள். அவர்களின் வாழ்க்கையைக் கேட்டுப் பதிவு செய்யவும், தமிழில் தடுமாறும் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு வாசிக்கத் துணைநிற்கவும் மாணவர்கள் வந்தால், குடும்பங்களை அறிமுகப்படுத்தும் பொறுப்பைச் சங்கம் ஏற்கும். ஒயிட் சேண்ட்ஸ் கடைத்தொகுதியில் உள்ள பாசிர் ரிஸ் பொது நூலகத்தில் சந்திப்புகள் நடத்த நூலகத்தாரிடம் நாங்களே பேசுகிறோம்.

அடுத்த கல்வியாண்டுப் பாடப்பட்டியல் முடிவாகும் முன், செயலவை உறுப்பினர்களும் இரண்டு மாணவர்களும் உங்களை நேரில் சந்திக்க ஒரு நாள் ஒதுக்கும்படி வேண்டுகிறோம். பெற்றோர் பலர் வேலைக்குச் செல்வதால் மாலை நேரமாக இருந்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர் மற்றும் செயலவை உறுப்பினர்கள்
பாசிர் ரிஸ்