உயர்தொழில்நுட்ப ஆய்வகம் யாருக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,



2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகள்' என்னும் தலைப்பின்கீழ் டிஸ்லெக்சியாவோடு டிஸ்பிராக்சியாவையும் பெயர் சொல்லிச் சேர்த்திருந்தும், அதை அடையாளம் காணத் தெரிந்த வகுப்பாசிரியர் ஈரோடு மாவட்டத்தில் இன்றும் அரிதாகவே இருக்கிறார். கையும் விரலும் செய்ய வேண்டிய அசைவுகளை மூளை வரிசைப்படுத்தி ஏவுவதில் நேரும் இடர்ப்பாடே டிஸ்பிராக்சியா. அறிவுக் கூர்மைக்கும் அதற்கும் தொடர்பில்லை. சட்டைப் பொத்தான் போடவும், காம்பஸால் வட்டம் வரையவும், கரும்பலகையைப் பார்த்து எழுதவும் திணறும் இத்தகையோர், 5 முதல் 11 வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 5 அல்லது 6 பேர் என மருத்துவ நூல்கள் மதிப்பிடுகின்றன. அவ்வாறெனில் 40 பேர் படிக்கும் வகுப்பில் இருவராவது இருப்பர். அவர்களுடைய நோட்டில் 'கையெழுத்து மோசம்' என்று சிவப்பு மையால் எழுதுவதோடு பள்ளியின் கடமை முடிந்துவிடுகிறது.

இவர்களுக்கு உதவக்கூடிய கருவி பள்ளிக்குள்ளேயே இருக்கிறது என்பதுதான் வேதனை. மாநிலத்தில் 6,000-க்கும் மேற்பட்ட அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் கணினிகள் கொண்ட உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் அமைக்கப்பட்டும், அவை பெரும்பாலும் இணையவழி மதிப்பீட்டுக்கும் 'எமிஸ்' என்னும் கல்வித் தரவுத்தளப் பதிவேற்றத்துக்குமே திறக்கப்படுகின்றன. ண, ணை, ஞ போன்ற சுழி மிகுந்த எழுத்துகளை வரைவதற்கே முழுக் கவனத்தையும் செலவிடும் பிள்ளைக்கு, எழுத வந்த கருத்து பாதியில் நழுவிப்போகிறது. விசைப்பலகையிலோ எழுத்தின் வடிவத்தைக் கணினி பார்த்துக்கொள்வதால், பிள்ளை பொருளில் மனம் செலுத்த முடிகிறது. 1999-இல் தமிழ்நாடு அரசே தரப்படுத்திய தமிழ்99 விசைப்பலகை, 12 உயிர், 18 மெய், ஆய்தம் ஆகிய 31 விசைகளைக் கொண்டே 247 எழுத்துகளையும் தருவதோடு, உயிரெழுத்துகளை இடக்கைக்கும் மெய்களில் பெரும்பாலானவற்றை வலக்கைக்கும் பிரித்துக் கொடுப்பதால், அசைவை மீண்டும் மீண்டும் பழகிக் கற்க வேண்டிய இப்பிள்ளைகளுக்கு மிகவும் ஏற்றது. ஒரு விசையை அறியாமல் நீண்ட நேரம் அழுத்திவிட்டால் எழுத்து பலமுறை விழாமல் தடுக்கும் வசதியும், சுட்டியின் வேகத்தைக் குறைக்கும் வசதியும் விண்டோஸ் கணினிகளில் செலவின்றியே உள்ளன. ஆய்வகப் பொறுப்பாளர் ஒருமுறை அமைப்பை மாற்றிவைத்தால் போதும்.

தேர்வு நெருங்கும்போது மட்டும் 'சொல்வதை எழுதுபவர்' ஒருவரையும் கூடுதல் ஒரு மணி நேரத்தையும் அளிப்பது இதற்கு ஈடாகாது. தமிழ்க் கட்டுரையின் நடையும் கணக்கின் படிநிலைகளும் அப்போது இன்னொருவர் கையை நம்பியிருக்கின்றன. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2018 முதல் மருத்துவப் பரிந்துரையின்பேரில் கணினியில் விடை எழுத அனுமதிக்கிறது. ஆனால் மாணவரே கணினியைக் கொண்டுவர வேண்டும் என்பது அதன் நிபந்தனை. சென்னிமலைத் தறித் தொழிலாளியின் பிள்ளைக்கு அது எட்டாத காரியம். இலவச உதவிக் கருவி தருவதாகக் கூறும் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவும், 40 விழுக்காடு குறைபாடு இருப்பதாகச் சான்று பெற்றவரோடு நின்றுவிடுகிறது. எழுதும்போது கை இறுகும் குறைபாடுடைய ஒருவர் மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையத்தை எதிர்த்துத் தொடுத்த வழக்கில், எழுதுநர் உதவிக்கு அந்த 40 விழுக்காட்டு வரம்பு தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரி 11 அன்று தீர்ப்பளித்த பின்னரும், கணினிக்கு மட்டும் அவ்வரம்பைக் காட்டுவது நியாயமாகாது.

நிதி இல்லை என்ற பதிலும் இங்கே பொருந்தாது. ஒன்றிய அரசு 2024–25-இல் 2,152 கோடி ரூபாய்க் கல்வி நிதியை விடுவிக்காதது கண்டனத்துக்குரியதே. ஆயினும் ஏற்கெனவே வாங்கி வைத்த கணினியின் முன் ஒரு பிள்ளையை உட்காரவைக்க அந்தப் பணம் வேண்டியதில்லை. தாளவாடி மலையிலிருந்து மருத்துவச் சான்றுக்காக ஈரோடுவரை அலையும் பெற்றோரிடம், சான்று வரட்டும் என்று சொல்லி ஆண்டுகளைக் கடத்தவும் வேண்டியதில்லை.

வட்டார வள மையச் சிறப்பாசிரியர்கள் நான்காம் வகுப்பிலிருந்தே தமிழ்99 பயிற்சி அளிக்கவும், ஆய்வகம் நாள்தோறும் இப்பிள்ளைகளுக்குத் திறக்கப்படவும், பள்ளிக் கணினியிலேயே இணைய இணைப்பின்றிப் பொதுத்தேர்வு எழுதவும் வழிசெய்யும் அரசாணையைப் பள்ளிக் கல்வித் துறை இவ்வாண்டே வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஈரோடு.