வீட்டுக்குப் பெயின்ற் அடியுங்கோ, முகவரியை ஏன் கிழிக்கிறியள்?

எங்கட தமிழ் இணையத்தளங்களுக்கு ஒரு வியாதி இருக்கு. சில வருடங்களுக்கு ஒருக்கா 'புதுப்பொலிவு' வந்துவிடும். புது நிறம், புது எழுத்துரு, மேலே ஓடுகிற படங்கள். எல்லாம் வடிவுதான். ஆனால் நேற்றுவரை திறந்த பழைய கட்டுரையின் லிங்கை இன்று அழுத்தினால் '404' என்று வெறும் பக்கம் வரும். கட்டுரையை ஒருவரும் அழித்திருக்கமாட்டார்கள். அது உள்ளே எங்கேயோ கிடக்கும். அதற்குப் போகிற பாதையைத்தான் வெட்டிவிட்டார்கள்.

இதைக் கதைத்தால், "கூகுளில முன்னுக்கு வாறது கடைக்காரற்ற கவலை, கலைப்பீடத்துக்கு என்ன?" என்று கேட்கிறார்கள். கலைப்பீடத்துக்குத்தான் கூடக் கவலை என்கிறோம் நாங்கள். ஒரு பக்கம் தேடலில் மேலே வருவதற்கு முக்கியமான ஒரு காரணம், மற்றவர்கள் வருடக்கணக்காக அதை இணைத்தும் மேற்கோள் காட்டியும் வந்திருப்பது. அந்த மதிப்பு அந்தப் பக்கத்தின் முகவரியில்தான் சேர்கிறது. சொல்லாமல் கொள்ளாமல் முகவரியை மாற்றினால் கூகுளுக்கு அது நேற்றுப் பிறந்த பக்கம். பத்து வருடத்துச் சேமிப்பு ஒரே இரவில் போய்விடும்.

தமிழில் இந்த இழப்பு இன்னும் பெரிது. பாமினி எழுத்துருவில் ஏற்றிய பழைய பக்கங்கள் தேடுபொறிக்கு அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியல்தான். யூனிகோட் வந்த பிறகுதான் எங்கள் எழுத்தைத் தமிழிலேயே தட்டித் தேட முடிந்தது. ஆகவே தேடினால் கிடைக்கக்கூடிய எங்கள் பதிவு ஏற்கெனவே குறுகியது. 2017 இல் கேப்பாப்பிலவில் காணிக்காகவும், கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளுக்காகவும் சனம் வீதியோரம் குந்தியிருந்ததே, அந்த நாட்களின் சின்னச் சின்னச் செய்திகளை யார் எழுதினார்கள்? பெரும்பாலும் உள்ளூர்த் தமிழ்த் தளங்கள். அந்தப் பக்கங்கள் தேடலில் வராவிட்டால் நாளைக்கு ஆய்வு செய்பவருக்கு அப்படியொரு நாளே இல்லை.

இது எங்களுக்கு மட்டும் வந்த நோயுமல்ல. 2013 இல் இருந்த வலைப்பக்கங்களில் 38 சதவீதம் பத்து வருடத்துக்குப் பிறகு திறக்கவில்லை என்று பியூ ஆய்வு மையம் 2024 இல் சொன்னது. நல்ல முகவரி மாறக்கூடாது என்று வலையை உருவாக்கிய ரிம் பேர்னேர்ஸ்-லீ 1998 இலேயே எழுதிவிட்டார்.

மருந்து தெரியாத நோயுமல்ல. முதலில், முடிந்தால் முகவரியை மாற்றவே வேண்டாம். தோற்றத்தை மாற்ற முகவரியை மாற்றவேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை. மாற்றித்தான் ஆகவேண்டுமென்றால், டிசைனில் கைவைக்க முதல் பழைய முகவரிகள் எல்லாவற்றையும் ஒரு அட்டவணையில் எடுங்கோ. ஒவ்வொன்றுக்கும் எதிரே புதிய முகவரியை எழுதுங்கோ. பிறகு சேர்வரில் '301' என்கிற நிரந்தர வழிமாற்றைப் போடுங்கோ. பழைய லிங்கில் வருகிறவரும் கூகுளும் நேரே புதிய இடத்துக்குப் போவார்கள், சேர்த்த மதிப்பும் கூடவே போகும். ஆகக்குறைந்தது ஒரு வருடமாவது இதை வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். எடுக்கவே கூடாது என்கிறோம் நாங்கள்.

சோம்பேறித்தனமான குறுக்குவழியும் ஒன்று இருக்கு: பழைய லிங்குகள் எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடுவது. கட்டுரை தேடி வந்தவரை வாசலில் நிறுத்திவிட்டுப் போகிற வேலை இது. கூகுளும் இதைப் பெரும்பாலும் '404' மாதிரித்தான் கணக்கெடுக்கும். இன்னொன்று, வேலை நடக்கும்போது தேடுபொறி உள்ளே வராமலிருக்கப் போட்ட 'நோஇண்டெக்ஸ்' கட்டளையை எடுக்க மறப்பது. தளம் திறந்திருக்கும், தேடலில் மட்டும் மெல்ல மெல்லக் காணாமல் போகும்.

"காசில்லை" என்பார்கள். வேர்ட்பிரஸில் வழிமாற்றுக்கு இலவசச் செருகிகளே இருக்கு. புது லோகோவுக்குக் காசு இருந்ததுதானே? "வேபாக் மெஷினில் கிடக்கும்" என்பார்கள். எல்லாப் பக்கமும் அங்கே இல்லை. இருந்தாலும் பழைய முகவரி கையில் இருப்பவருக்குத்தான் அது உதவும். கூகுளில் தமிழில் தட்டித் தேடுகிறவரை அது கூப்பிடாது.

ஆகவே சஞ்சிகைக்காரர், சங்கத்தார், பல்கலைக்கழகத் துறைகள் எல்லோரிடமும் நாங்கள் கேட்பது ஒன்றுதான். டிசைன் செய்பவருக்குக் கடைசித் தவணைக் காசைக் கொடுக்க முதல் பத்துப் பழைய லிங்கை நீங்களே அழுத்திப் பாருங்கோ. ஒன்று திறக்காவிட்டாலும் வேலை முடியவில்லை. காசைக் கையில் வைத்திருங்கோ.