கழற்ற முடிந்தவையும் முடியாதவையும்

கொல்கத்தா டிரெட்டி பஜாரின் டூங் ஆன் கோயிலில், மாடியில் குவான் யூ வீற்றிருக்க, கீழ்த்தளத்தில் ஒரு காலத்தில் நான்கிங் உணவகம் நடந்துவந்தது. சீனத்தன்மையைத் தனியே கொண்டுவந்து ஒட்டவேண்டிய தேவை அக்கட்டடத்துக்கு இருந்ததில்லை.

இன்று பழைய மாளிகைகளில் சீன உணவகம் அமைப்போர் சிவப்புக் கூண்டு விளக்குகளையும் டிராகன்களையும் நிரப்புகின்றனர். அவற்றையாவது நாளை கழற்றிவிடலாம். உண்மையான கேடு, சுண்ணாம்புச் சுவர்மீது பூசப்படும் சிமெண்ட். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளிவிட்டு உலரும் இயல்புடையது. சிமெண்ட் அவ்வீரத்தை உள்ளேயே அடைத்துவிடுகிறது. பொய்க்கூரைக்கு மேலே மர உத்தரம் உளுத்தாலும் எவர் கண்ணிலும் படாது. சீன வாணலியின் கடுந்தீ எழுப்பும் எண்ணெய்ப் புகைக்கோ வழி வேண்டும். அதற்காக முகப்பைத் துளைப்பதைவிடச் சமையலறையைப் பின்கட்டுக்கு மாற்றுவதே முறை.