கையெழுத்து போட்டா முடிஞ்சுதா?

ரெண்டு நாட்டுத் தலைவர்கள் கைகுலுக்குற போட்டோவைப் பார்த்ததும் வர்த்தக ஒப்பந்தம் அமலாகிடுச்சுன்னு நினைக்காதீங்க. கையெழுத்துக்கு அப்புறம் ஒவ்வொரு நாடும் தன் சட்டப்படி அதை ஏற்கணும். இதுதான் ரேட்டிஃபிகேஷன்.

சுவிட்சர்லாந்தில் 50,000 பேர் கையெழுத்து திரட்டினால், நாடாளுமன்றம் ஏற்ற ஒப்பந்தத்தையும் மக்கள் ஓட்டுக்கு விடணும். இந்தோனேசிய ஒப்பந்தத்தை, பாமாயிலால் காடு அழியுதுன்னு எதிர்த்தாங்க. 2021 மார்ச்சில் ஓட்டெடுப்பு; 51.6 சதவீத ஆதரவில்தான் தப்பிச்சது.

நம்ம நாட்டில்? சுவிட்சர்லாந்து உட்பட நான்கு நாடுகள் கொண்ட எஃப்டா அமைப்போடு 2024 மார்ச் 10-ல் கையெழுத்திட்டோம். இலக்கு: 15 வருஷத்தில் 100 பில்லியன் டாலர் முதலீடு, 10 லட்சம் வேலை. அந்த வேலைக்கு அப்ளை பண்ணப்போறது நாமதான். ஆனா நம்ம பக்கம் மத்திய அமைச்சரவை ஒப்புதலே போதும். நாடாளுமன்ற ஓட்டு கட்டாயமில்லை.

ஓட்டெடுப்பு வெச்சா தாமதமாகும்னு சொல்வாங்க. அந்த ஒப்பந்தம் அமலானதே 2025 அக்டோபர் 1-ல்தான். இடையில் இருந்த ஒன்றரை வருஷத்தில் நம்ம எம்.பி.க்களும் விவாதிச்சு ஓட்டு போட்டிருக்கலாமே?

பேச்சுவார்த்தை ரகசியமா நடக்கட்டும். முடிவை மட்டுமாவது நம்ம பிரதிநிதிகள் எடுக்கணும். அடுத்த ஒப்பந்தம் வர்றப்போ உங்க எம்.பி.கிட்ட ஒண்ணே ஒண்ணு கேளுங்க: "படிச்சீங்களா?"