பைப்பைப் போட்டுட்டா முடிஞ்சுதா?

(பிளஸ் ஒன் 'அ' பிரிவு மாணவன்)



போன வாரம் இயற்பியல் வகுப்பில் ஒரு வாக்குவாதம். கடலுக்கு அடியில் எண்ணெய், எரிவாயு கொண்டுபோகும் குழாய்கள் நீரோட்டத்தில் நகராமல் எப்படிக் கிடக்கின்றன என்று ஒருவன் கேட்டான். "வெயிட்டா இருக்குல்ல, கிடக்கும்!" என்று கடைசி பெஞ்சிலிருந்து பதில் வந்தது. எல்லோரும் சிரித்தோம், பெல்லும் அடித்துவிட்டது. அந்தப் பதில் பாதி சரி, பாதி தப்பு என்பது என் கருத்து.

சரியான பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். எரிவாயு போகும் பெரிய இரும்புக் குழாயை வெறுமனே கடலில் போட்டால் அது மிதக்கும்! ஆர்க்கிமிடீஸ் பாடத்தை ஞாபகப்படுத்திப் பாருங்கள். ரஷ்யாவிலிருந்து ஜெர்மனிக்குப் பால்டிக் கடலில் போட்ட நார்டு ஸ்ட்ரீம் குழாயின் உள்விட்டம் 1,153 மில்லிமீட்டர். 12 மீட்டர் நீளமுள்ள ஒவ்வொரு துண்டின் மேலும் 60 முதல் 110 மில்லிமீட்டர் கனத்துக்கு கான்கிரீட் பூசினார்கள். எடை இரட்டிப்பாகி, ஒரு துண்டு சுமார் 24 டன் ஆனது. (2022-ல் அதை வெடி வைத்து உடைத்தது வேறு கதை.)

இப்போது தப்பான பாதி. கடற்கரையில் அலை திரும்பும்போது நின்றிருக்கிறீர்களா? குதிகாலுக்கு அடியில் மணல் பறிந்து, ஆளே சாய்வோம். நாம குண்டா, ஒல்லியான்னு அலை பார்க்கிறதில்லை. குழாய்க்கும் அதே கதிதான். அடியில் உள்ள சின்ன இடுக்கில் தண்ணீர் வேகமாகப் பாய்ந்து மணலை அரிக்கிறது. நீரோட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நாலு மடங்கு! சில இடங்களில் குழாய் தானாகவே அந்தப் பள்ளத்தில் இறங்கி, மணல் மூடிப் பத்திரமாகிவிடும். இறங்காவிட்டால்தான் வம்பு. பாலம் மாதிரி அந்தரத்தில் நிற்கும் குழாயைத் தாண்டிப் போகும் தண்ணீர், மேலும் கீழும் மாறி மாறிச் சுழலும். காற்றில் கரண்ட் கம்பி ஊளையிடுமே, அதே சங்கதி. குழாய் அதிர ஆரம்பிக்கும்.

அலாஸ்காவில் குக் இன்லெட் என்று ஒரு நீண்ட குடா இருக்கிறது. அதன் உட்கோடியில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே தண்ணீர் மட்டம் சுமார் 9 மீட்டர் மாறும். நீரோட்டம் எவ்வளவு முரட்டுத்தனமாக இருக்கும் என்று நீங்களே யோசியுங்கள். 1965-ல் அங்கே போட்ட 8 அங்குலக் குழாய் ஒன்றிலிருந்து 2017 பிப்ரவரியில் எரிவாயு கசிந்து, கடல் கொப்பளித்தது. ஹெலிகாப்டரில் போனவர்கள் பார்த்துச் சொன்னார்கள். ஆனால் பனிக்கட்டி மிதந்ததால் முக்குளிப்பவர்கள் இறங்க முடியவில்லை. ஏப்ரலில்தான் அடைத்தார்கள். பார்த்தால், குழாய் ஒரு பாறை மேல் உட்கார்ந்திருந்தது. அடிப்பக்கத்தில் விரல்கூட நுழையாத ஓட்டை! அதே குழாயில் 2014-லும் இரண்டு தடவை கசிவு, அப்போதும் பாறைதான் காரணம். மூன்றாவது தடவையும் அதே காரணம் என்றால் கடல் மேல பழி போட்டு என்ன பிரயோஜனம்?

ஆகவே குழாய் போடுகிற அன்றைக்கு எத்தனை டன் என்பதைவிட, அடுத்த வருஷம் அதன் அடியில் மணல் இருக்கிறதா என்று யார் பார்க்கிறார்கள் என்பதே முக்கியம். "செலவு ஆகுமே" என்பீர்கள். ஆகும்தான். ஆனால் ஒலி அலை கொண்டு படகிலிருந்தே பள்ளங்களைக் கண்டுபிடிக்கலாம். மணல் மூட்டையோ ஜல்லியோ போட்டு முட்டுக் கொடுக்கலாம். ஓட்டை விழுந்த பிறகு ஆகும் செலவை யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

நம் வங்கக் கடலோரத்தில் இன்னொரு விஷயமும் உண்டு. இங்கே நீரோட்டம் வருஷத்தில் இரண்டு தடவை திசை மாறும். பிப்ரவரிக்குப் பிறகு வடக்கே போகும், ஐப்பசி, கார்த்திகையில் தெற்கே போகும். மணலும் கூடவே போய் வரும். சித்திரையில் பார்த்த கடலடி மார்கழியில் அப்படியே இருக்காது. எனவே இங்கே ஆய்வு வருஷத்துக்கு இரண்டு தடவை வேண்டும் என்பேன்.

2023 மார்ச்சில் நாகூர் பட்டினச்சேரியில் கச்சா எண்ணெய்க் குழாய் கசிந்தபோது, குழாயையே எடுத்துவிடச் சொல்லி மீனவர்கள் போராடினார்கள். அதற்கு நீரோட்டம் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் குழாய் எந்த நிலையில் இருக்கிறது என்று கரையில் இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டாமா? ஆய்வுப் படத்தை மீன் ஏலக் கூடத்திலேயே ஒட்டட்டும். எங்கே மணல் பறிகிறது என்று தினமும் வலை போடுகிறவர்களுக்குத் தெரியும், அவர்களும் தப்பைத் திருத்துவார்கள்.

கடைசி பெஞ்சு நண்பன் மறுத்து எழுதினால் அடுத்த இதழில் போடுவதாக ஆசிரியர் குழு சொல்லியிருக்கிறது. எழுதுடா, காத்திருக்கேன்!