இது நல்லதா சார்?

சுகாதாரத் துறையில் வட்டார அளவில் கல்வியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான் என்பது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். டாக்டர் இல்லை என்பதும் தெரியும். டாக்டரிடம் கேட்கக் கூச்சப்படுகிற கேள்விகள் என்னிடம் வருவது அதனால்தான். பால் பூத்தில், ரேஷன் கடை வரிசையில், காலையில் மலைக்கோட்டைப் பக்கம் நடக்கும்போது என்று எங்கே பார்த்தாலும் யாராவது நிறுத்திக் கேட்பார்கள். "சார், சுகருக்குக் கேப்பை நல்லதா?" "இந்துப்பு நல்லதா?" "முட்டையில மஞ்சக்கரு வேண்டாம்னு யூடியூப்ல சொல்றாங்களே, நெசமா?"

இந்தக் கேள்விகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. ஒரு பொருளின் பெயரைச் சொல்லி, நல்லதா கெட்டதா என்று கேட்பது. எவ்வளவு சாப்பிடலாம், எதைக் குறைத்துவிட்டு இதைச் சாப்பிடுவது என்று இத்தனை வருடத்தில் என்னிடம் கேட்டவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். நம் ஊரில் சர்க்கரை நோய் இப்படிப் பெருகிக் கிடப்பதற்கும், சாப்பாட்டை மாற்றியும் சுகர் இறங்கவில்லை என்று பலர் புலம்புவதற்கும், இந்தக் கேட்காத கேள்விகளுக்கும் சம்பந்தம் உண்டு என்பது என் கருத்து.

கேப்பையையே எடுத்துக்கொள்வோம். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட உணவுச் சத்துப் பட்டியல்படி, 100 கிராம் பச்சரிசியில் சுமார் 356 கலோரி. கேப்பையில் சுமார் 320. மாவுச்சத்து அரிசியில் 78 கிராம், கேப்பையில் 67. வித்தியாசம் இருக்கிறது, ஆனால் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இல்லை. நார்ச்சத்தில் கேப்பை அரிசியைப் போல நாலு மடங்கு. கால்சியத்திலோ அரிசி பக்கத்திலேயே வர முடியாது. கேப்பையில் 364 மில்லிகிராம். ஆக கேப்பை நல்ல தானியம்தான், சந்தேகமே வேண்டாம். ஆனால் அதுவும் தானியம். மூன்று கரண்டி சோற்றை நிறுத்திவிட்டு இரண்டு பெரிய களி உருண்டையை உள்ளே தள்ளினால் ரத்தத்துக்குப் போகிற சர்க்கரை எங்கே குறையும்? அதிலும் நைஸாக அரைத்த மாவைக் கூழாகக் காய்ச்சிக் குடித்தால் வேகமாகவே ஏறும்.

இது என் சொந்தக் கணக்கு மட்டும் இல்லை. சென்னை மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நாடு முழுக்க நடத்திய பெரிய ஆய்வின் உணவுப் பகுதி 2025-ல் வெளிவந்தது. நாம் சாப்பிடும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறதாம். புரதம் வெறும் 12 சதவீதம். அரிசிக்குப் பதில் முழுக் கோதுமை, சிறுதானியம் என்று மாற்றினாலும், மொத்த மாவுச்சத்தைக் குறைக்காதவர்களுக்குச் சர்க்கரை நோய் அபாயம் குறைந்ததாகத் தெரியவில்லை. மாவுச்சத்தில் கொஞ்சத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பருப்பு, பயறு, பால், தயிர், முட்டை, மீன் வைத்தவர்களுக்குத்தான் அபாயம் குறைவாக இருந்தது. 2023-ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது நம் ஊரில் முளைத்த வரகு முறுக்கு, சாமை லட்டுக் கடைக்காரர்கள் இதைப் படித்திருக்க மாட்டார்கள்.

எங்கள் நடைப்பயிற்சிக் கூட்டத்தில் ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம். ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டுக் காலையில் ஒரு பெரிய சொம்பு கேப்பைக் கூழ், இரவில் தினைத் தோசை என்று மாறினார். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. "உணவே மருந்துன்னு ஆயிருச்சு, அப்புறம் எதுக்கு மாத்திரை?" என்று மாத்திரையையும் நிறுத்திவிட்டார். ஐந்தாறு மாதம் ரத்தப் பரிசோதனைக்கே போகவில்லை. உடம்பு இளைத்தது, அதையும் நல்ல அறிகுறி என்றே நினைத்தார். செருப்புக் கடித்த புண் ஆறாமல் போய், மதுரையில் இரண்டு கால் விரல்களை எடுத்தார்கள். இப்போது நடக்க வருவதில்லை. திண்ணையில் உட்கார்ந்திருப்பார், போகும்போது கையை ஆட்டுவேன். அவரை ஏமாற்றியது கேப்பை இல்லை. நல்ல பொருள் என்றால் அளவு கிடையாது, மருந்தும் வேண்டாம் என்ற பேச்சுத்தான்.

இதைச் சொன்னால் உடனே ஒருவர் எழுந்திருப்பார். "எங்க தாத்தா கம்பும் சோளமும் தின்னு தொண்ணூறு வயசு இருந்தாரே?" இருந்தார், ஐயா. அவர் விடிவதற்கு முன் கமலை ஓட்டித் தண்ணீர் இறைத்தார். வேடசந்தூர்ச் சந்தைக்கு மூட்டையைத் தலையில் வைத்து நடந்தார். அவர் தின்றதை எரிக்க அவர் உடம்பில் அடுப்பு எரிந்தது. நாம் அதே அளவு தின்றுவிட்டு டிவி முன்னால் உட்காருகிறோம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். சுதந்திரம் வந்த காலத்தில் இந்நாட்டில் சராசரி ஆயுள் 32 வயதைச் சுற்றித்தான் இருந்தது. தொண்ணூறு வரை இருந்த தாத்தா நம் நினைவில் இருக்கிறார். அவரோடு பிறந்து குழந்தையிலேயே போன நாலைந்து பேரை யாரும் நினைப்பதில்லை.

அரிசியை மட்டுமே நம்பிய சாப்பாட்டின் குறை நேற்றுத் தெரிந்ததும் இல்லை. ஹைதராபாத் நிறுவனத்தின் பூர்வீகம் நம் குன்னூர். 1918-ல் ராபர்ட் மெக்காரிசன் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் அங்கே சின்னதாக ஓர் ஆய்வுக்கூடம் தொடங்கினார். நாட்டின் ஒவ்வொரு பகுதிக்காரரும் சாப்பிடும் சாப்பாட்டை எலிகளுக்குப் போட்டுப் பார்த்தார். கோதுமை, பால், பருப்பு, காய்கறி என்று பஞ்சாப் பக்கத்துச் சாப்பாடு தின்ற எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. மெட்ராஸ் பக்கத்து அரிசிச் சாப்பாடு தின்ற எலிகள் நோஞ்சானாகக் கடைசி வரிசையில் நின்றன. நூறு வருடம் ஆகிவிட்டது. காலையில் இட்லி, மதியம் சோறு, ராத்திரி தோசை. நாம் இன்னும் அந்த எலிதான்.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் எல்லாம் ருசியில்தான் வேறு; சுகர்க்காரருக்கு வெள்ளைச் சீனி என்னவோ அவையும் அதுதான். இந்துப்பும் உப்புத்தான், பிரஷர் ஏற்றுவதில் அதற்குத் தனிக் கருணை கிடையாது. அயோடின் சேர்க்காத இந்துப்பை மட்டுமே வீட்டில் புழங்கினால் பேரப்பிள்ளைகளுக்கு அயோடின் குறைவு வரலாம். எந்த உப்பானாலும் ஒரு ஆளுக்கு நாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன், ஊறுகாய் அப்பளத்தையும் சேர்த்து. செக்கு எண்ணெய் வாசமாக இருக்கும், வாங்குங்கள். ஆனால் தலைக்கு மாதம் அரை லிட்டருக்குள் நிற்கிறதா என்று பாருங்கள். சிறுமலை வாழைப்பழம் ஒன்று போதும். ஆயக்குடிக் கொய்யா கிடைத்தால் பழமாகவே கடித்துத் தின்னுங்கள், ஜூஸ் போடாதீர்கள்.

பிரியாணி பற்றிக் கேட்காமல் திண்டுக்கல்லில் ஒருவரும் விடமாட்டார்கள். மாதத்தில் இரண்டு ஞாயிறு, ஒரு அரை பிளேட், கறித்துண்டும் வெங்காயப் பச்சடியும் கூடுதலாக. சீரகச் சம்பா சின்ன அரிசி என்பதால் சர்க்கரையும் சின்னதாக ஏறும் என்று எண்ண வேண்டாம். கூடவே பரோட்டா கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

எதைக் குறைப்பது என்று சொன்னேன், எதை வைப்பது என்று சொல்ல வேண்டாமா? 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாளைக்குச் சுமார் 50 கிராம் புரதம் தேவை. நாலு இட்லியில் 8 கிராம் வாக்கில்தான் தேறும். ஒரு முட்டையில் 6 கிராம். ஒரு கை நிலக்கடலையில் 7. அரைக் கிண்ணம் காய்ந்த கொண்டைக்கடலையை ஊறவைத்துச் சுண்டல் செய்தால் பத்துக்குப் பக்கம். நிலக்கடலையும் மொச்சையும் தட்டைப்பயறும் நம் மானாவாரி நிலத்திலேயே விளைகிறவை. ஆயிரக்கணக்கில் கொடுத்துப் புரத மாவு டப்பா வாங்க வேண்டிய அவசியம் என்ன? மஞ்சள் கருவும் பெரும்பாலானவர்களுக்குக் கெடுதல் இல்லை. சத்துணவில் பேரனுக்கு முட்டை கொடுக்கிறார்கள், வீட்டில் தாத்தா பயந்து ஒதுக்கிவைக்கிறார். பலம் அதிகம் தேவைப்படுவது தாத்தாவுக்கு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

டப்பா என்றதும் முருங்கைப் பொடி ஞாபகம் வருகிறது. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து முருங்கைக்காய் லாரி ஏறிக் கேரளா போகிறது. இலை தோட்டத்திலேயே உதிர்ந்து மக்குகிறது. 100 கிராம் இலையில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம். கொல்லைச் சுவருக்கு மேலே அது தொங்க, அதையே பொடியாக்கிச் சின்ன பாட்டிலில் வெளியூர்க்காரன் விற்க, நாம் ஆன்லைனில் வாங்குகிறோம்.

இன்னொன்றை நான் வெகுநாளாகக் கவனித்து வருகிறேன். ஆண்கள் தங்களுக்காகக் கேட்கிறார்கள். பெண்கள் கணவருக்காகக் கேட்கிறார்கள், மகனுக்காகக் கேட்கிறார்கள், மருமகளுக்குப் பால் ஊறக் கேட்கிறார்கள். "எனக்கு மாடி ஏறினா மூச்சு வாங்குது, என்ன சாப்பிடட்டும்?" என்று ஒரு பெண்ணும் இதுவரை கேட்டதில்லை. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல்! அவர்கள்தான் நம் எல்லோருக்கும் சமைத்துப் போட்டுவிட்டு, எல்லோரும் எழுந்த பிறகு சட்டியில் ஒட்டியதைச் சாப்பிட்டு, கையோடு ஒரு டீயும் குடிக்கிறார்கள். கொஞ்சம் சேர்கிற இரும்புச்சத்தையும் அந்த டீ தடுத்துவிடும். டீயை ஒரு மணி நேரம் தள்ளிப் போடலாம். கீரையில் அரை எலுமிச்சை பிழியலாம், அல்லது ஒரு நெல்லிக்காய் கடிக்கலாம். இரும்பு நன்றாகச் சேரும். ரொம்ப வெளுத்திருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பார்த்து மாத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும், கீரை மட்டும் போதாது.

எங்கள் வீட்டில் இப்போது சுண்டலும் கீரையும் முட்டையும் சாப்பிட உட்காரும் முன்பே நாலு தட்டிலும் பங்கு வைக்கப்படுகின்றன. பங்கு வைப்பது நான். என் மனைவி முதலில் ஒரு வாரம் தன் முட்டையைப் பேத்தி தட்டுக்குத் தள்ளிக்கொண்டிருந்தாள்.